ஒன்பதாவது படிக்கும் பையன் பையில் வேப்: டிசி வாங்கிக்கொள் என்று பள்ளி சொல்லலாமா?

மயூர் விஹார் அம்மா:

வணக்கம். டெல்லியில் பள்ளி விவகாரம், கோர்ட்டு விவகாரம் தெரிந்த தமிழர்கள் யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

என் பையன் ஒன்பதாம் வகுப்பு, 14 வயது முடிந்துவிட்டது. கிழக்கு டெல்லியில் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளி, பெயர் வேண்டாம். போன வாரம் இரண்டாவது பீரியடில் திடீரென்று எல்லார் பையையும் சோதனை போட்டிருக்கிறார்கள். இவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு வேப் (இ-சிகரெட்) இருந்தது. மஞ்சள் நிறம், ஹைலைட்டர் பேனா அளவு. வீட்டில் நான் பார்த்திருந்தாலும் மார்க்கர் என்று எடுத்து மேசை மேல் வைத்திருப்பேன்.

இவனோடு இன்னும் இரண்டு பையன்கள். மூன்று பேரையும் பிரின்சிபால் அறைக்கு வெளியே மதியம் வரை நிற்க வைத்து, ஸ்போர்ட்ஸ் சார் ஆளுக்கு ஓர் அறை அறைந்து, "நான் போதைப் பொருள் பயன்படுத்தினேன், பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் சம்மதிக்கிறேன்" என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு போன் வந்தது. நான் போய் உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்: "டிசிக்கு நீங்களே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் போலீஸுக்குச் சொல்ல வேண்டி வரும், பையன் வாழ்க்கை கெட்டுப்போகும்." கூடவே ஏதாவது லேபில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டும் கொண்டு வர வேண்டுமாம்.

பன்னிரண்டாம் வகுப்பு அண்ணா ஒருவன் விற்றான் என்கிறான் இவன். பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு பான் கடை இருக்கிறது. அங்கே சிகரெட் ஒன்றிரண்டாகக் கிடைக்கும், கேட்டால் வேப்பும் கிடைக்கும் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியுமாம். பள்ளிக்கு மட்டும் தெரியாதா? இதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் பெயரும் வந்தாகிவிட்டது.

பையன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. வீட்டில் அதற்கு வேண்டிய மட்டும் நடந்தது. என் கணவர், பேசாமல் டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்க்கலாம் என்கிறார். அடுத்த வருடம் பத்தாவது போர்டு. இப்படி எழுதித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா? பிள்ளைகள் இந்த வழியில் போனால் பள்ளிக்குச் சட்டப்படி ஒரு கடமையும் கிடையாதா?

ரோஹிணி அப்பா:

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் வகுப்பில் ஒருவன் இதைக் கொண்டு வந்தால் அவனை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றுதான் நான் கேட்பேன். ஒருவன் கொண்டு வந்தால் பத்துப் பேர் இழுத்துப் பார்ப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் பள்ளி பொறுப்புதானே? பீஸ் கட்டும் எல்லாப் பெற்றோரும் இதைத்தான் நினைப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

கர்கர்டூமா வக்கீல்:

மேடம், டிசி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக எழுதிக் கொடுத்தால் "பெற்றோர் விருப்பப்படி விலகல்" என்று பதிவாகும். அதற்குப் பிறகு நான் கோர்ட்டில் நின்று பேச ஒன்றும் இருக்காது. பள்ளி அதை உங்கள் கையால் வாங்கப் பார்ப்பதே இதற்காகத்தான். அவர்களாக வெளியேற்றினால் விதிப்படி நடந்தாக வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று நிறையப் பேர் சொல்வார்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தம் ஐந்தாவதிலும் எட்டாவதிலும் ஃபெயில் போட வழிவிட்டது, வெளியேற்ற வழிவிடவில்லை. ரோஹிணி அப்பா சார் சொன்னபடி எட்டாவது பிள்ளையை அன்றைக்கே அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் உங்கள் பையன் ஒன்பதாவது. அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு போனால் பள்ளியின் வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

உங்களுக்குக் கைகொடுப்பது டெல்லி பள்ளிக் கல்வி விதிகள், 1973. அதில் 37ஆம் விதி. வெளியேற்றுவதாக இருந்தாலும், குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைப்பதாக இருந்தாலும், ஏன் செய்யக் கூடாது என்று காரணம் சொல்லப் பெற்றோருக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்த பிறகுதான் செய்யலாம். தனியார் பள்ளியாக இருந்தாலும் அங்கீகாரம் பெற்றது என்றால் இது பொருந்தும். அந்த வாய்ப்பு உங்களுக்கு எழுத்தில் வந்ததா? வரவில்லை. மதியம் வரை நிற்க வைத்து எழுதி வாங்கிய காகிதம் அதற்கு ஈடாகாது.

ஸ்போர்ட்ஸ் சார் அறைந்ததைப் பற்றி. இதே 37ஆம் விதியில் முன்பு அடிக்கவும் இடம் இருந்தது. 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அதை வைத்து வழக்குப் போடச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து போலீஸ் பூச்சாண்டி. வேப்பில் இருந்தது நிகோட்டின் என்றால் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் உள்ளேயே வராது. இ-சிகரெட்டைத் தடை செய்தது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அது குறிவைப்பது தயாரிப்பவரை, இறக்குமதி செய்பவரை, விற்பவரை, விளம்பரம் செய்பவரை, சரக்கு வைத்திருப்பவரை. இழுத்தவனுக்கு என்று அதில் தனித் தண்டனை சொல்லவில்லை. விற்றவனுக்கு முதல் தடவையே ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணெயில் கஞ்சாச் சத்து கலந்திருந்தால் கதை வேறு. அது லேபில் சோதித்தால்தான் தெரியும். அப்படி எந்தச் சோதனையும் இல்லாமல் "போதைப் பொருள்" என்ற சொல்லைப் பையன் கையால் எழுத வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கடிதத்துக்கு நகல் கேட்டு வாங்குங்கள்.

மோசமான பக்கத்தையே எடுத்துக்கொண்டாலும், 18 வயதுக்குள் இருப்பவனை லாக்கப்பில் வைக்க முடியாது. சிறு குற்றம் என்றால் அவன் மேல் எஃப்ஐஆர் கிடையாது, ஸ்டேஷன் டைரியில் குறிப்பு எழுதி சிறார் நீதி வாரியத்துக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். விசாரணை என்று ஒன்று தொடங்கினால் குழந்தையின் பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. வாட்ஸ்அப் குழு அட்மினுக்கு அதை இப்போதே நினைவுபடுத்தலாம். தப்பில்லை.

முனிர்கா டீச்சர்:

அம்மா, நான் டெல்லிப் பள்ளிகளில் பாதி ஆயுளைக் கழித்து வைஸ் பிரின்சிபாலாக ஓய்வு பெற்றவள். வக்கீல் சார் சொன்னதெல்லாம் உங்கள் பாதுகாப்புக்கு. பள்ளியின் கடமை என்ன என்று கேட்டீர்களே, அதை நான் சொல்கிறேன்.

மாணவன் இப்படிப் பிடிபட்டால் பள்ளி இன்னின்னது செய்ய வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. ஒரு துண்டு புகையிலைச் சட்டத்தில், ஒன்று சிறார் நீதிச் சட்டத்தில், ஒன்று சிபிஎஸ்இ விதிகளில், ஒன்று மத்திய அரசின் வழிகாட்டுதலில் என்று கிடக்கிறது. அந்தத் துண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட "பிடி, எழுதி வாங்கு, அனுப்பு" என்று சொல்லவில்லை.

அந்தப் பான் கடையில் இருந்து ஆரம்பிக்கிறேன். 2003 புகையிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு: 18 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. 100 கஜம் என்றால் 91 மீட்டர் சொச்சம். பள்ளிக்காரர்கள் இதை மெயின் கேட்டில் இருந்து அளந்து காட்டிவிட்டு, பின்பக்கக் கடை எங்கள் கணக்கில் வராது என்பார்கள். அப்படி அளக்க விதியில் இடமில்லை. வெளிச் சுவரின் விளிம்பில் இருந்து சுற்றிலும் அளக்க வேண்டும். சுவரை ஒட்டி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அளவுநாடாவே தேவையில்லை.

விற்பனை கூடாது என்ற பலகையைப் பள்ளிக்கு வெளியே கண்ணில் படும்படி மாட்டுவது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. சுகாதார அமைச்சகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இன்னும் இருக்கிறது: 100 கஜ எல்லையில் மஞ்சள் கோடு, புகையிலையைக் கவனிக்க என்று ஒருவரை நியமித்து அவர் பெயரைப் பலகையில் போடுவது, ஆறு மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியாவது நடத்துவது. நான் இருந்த ஒரு பள்ளியில் அந்தப் பலகை ஸ்டாஃப் ரூமில் பீரோவுக்குப் பின்னால் சுவர் பார்த்துச் சாய்ந்திருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் என்று போன் வந்தால் பியூன் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடுவார். வந்தவர்கள் சமோசா சாப்பிட்டுவிட்டுப் போனதும் மறுபடி பீரோ.

ஆனால் அந்தச் சட்டத்தை மட்டும் சொல்லிக் கடைக்காரர் மேல் புகார் கொடுத்தால் அவர் சிரிப்பார். அபராதம் 200 ரூபாய் வரைதான். காலை அசெம்பிளி மணி அடிப்பதற்குள் அதைச் சம்பாதித்துவிடுவார். புகாரில் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவையும் சேர்த்து எழுத வேண்டும். குழந்தைக்கு மது, போதைப் பொருள், புகையிலைப் பொருள் எதைக் கொடுத்தாலும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். சில்லறை சிகரெட் விற்றாரே, அது போதும் இதற்கு. வேப்புக்கு வக்கீல் சார் சொன்ன 2019 சட்டம். 77ஆம் பிரிவு இருப்பது பல தலைமையாசிரியர்களுக்கே தெரியாது, தெரிந்தவர்களும் எழுத மாட்டார்கள். எழுதினால் போலீஸ் ரெக்கார்டில் பள்ளிப் பெயர் வரும், அட்மிஷன் சீசனில் யாராவது பேசுவார்கள் என்ற பயம். பையனை அனுப்பினால் ஒரு பெயரும் வராது.

எங்கள் காலத்தில் வேப் ஏது? ஒயிட்னர்தான். கைக்குட்டையை அதில் நனைத்து, நாலாக மடித்து, முழுக்கைச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டு வருவான். தலைவலி என்று டெஸ்க்கில் கவிழ்ந்து படுத்து, முகத்தைக் கைமடிப்பில் புதைத்துக்கொள்வான். டீச்சர் பாவம் பார்த்து விட்டுவிடுவாள். மூக்கைச் சுற்றித் தோல் காய்ந்து வெடித்திருப்பதையும், கிட்டே போனால் நெயில் பாலிஷ் வாடை அடிப்பதையும் கவனிக்க யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எய்ம்ஸ் மையம் நாடு முழுக்க எடுத்து 2019இல் வெளியான கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவதாகத் தெரிந்தது இந்த முகர்கிற சரக்கு ஒன்றுதான். 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. நாடு தழுவிய கணக்கெடுப்பை முடிக்க வேண்டும் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவு போட்டது. பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கு அது. நாடு தழுவிய செயல்திட்டமும் வேண்டும், பள்ளிப் பாடத்திலும் இது வர வேண்டும் என்று அதிலேயே சொன்னார்கள். பிற்பாடு குழந்தைகள் உரிமை ஆணையம் "பிரஹரி கிளப்" என்று மாணவர் குழுக்களும் கொண்டு வந்தது. உங்கள் பள்ளியிலும் அதற்கு ஒரு ஃபைல் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக கவுன்சிலர். சிபிஎஸ்இ இணைப்பு விதிகளின்படி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும். (பல இடங்களில் அந்த அம்மாள் அட்மிஷன் கவுன்ட்டரில் பிராஸ்பெக்டஸ் விற்றுக்கொண்டிருப்பார்.) பிரின்சிபாலுக்கு எழுதும் கடிதத்தில் மூன்று கேள்வி போதும். என் மகனை உங்கள் ஆலோசகர் எந்தத் தேதியில் பார்த்தார்? விற்றது யார் என்று என் மகன் சொன்ன பிறகு நீங்கள் யாரிடம் புகார் கொடுத்தீர்கள்? பின்பக்கக் கடை பற்றி இதற்கு முன் எப்போது எழுதினீர்கள்? நான் அந்த நாற்காலியில் இருந்தவள். இந்த மூன்றையும் எழுத்தில் பார்த்தால் டிசி பேச்சு தானாக அடங்கும்.

ரோஹிணி அப்பா:

டீச்சர், சட்டமெல்லாம் சரி. என் மகளுக்குப் பக்கத்து டெஸ்க்கில் நடந்தால் நான் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டாவது பையனை என்ன செய்வார்கள்?

முனிர்கா டீச்சர்:

பக்கத்து டெஸ்க்குப் பையனை அனுப்பிவிட்டால் கடை மூடிவிடுமா சார்? அடுத்த வாரம் இன்னொரு டெஸ்க். இவனை அனுப்பும் பள்ளியில் உங்கள் மகள் பாதுகாப்பாக இருப்பாள் என்று நீங்கள் நம்புகிறீர்கள், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வகுப்பு மாற்றுவது, பெற்றோரை வாரம் ஒருமுறை வரச் சொல்வது, இடைவேளையில் கண் வைப்பது, எல்லாம் பள்ளி செய்யலாம், செய்யவும் வேண்டும்.

கர்கர்டூமா வக்கீல்:

பன்னிரண்டாவது பையனுக்கு 18 ஆகவில்லை என்றால் அவனும் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான், அவனும் வாரியத்துக்குத்தான் போவான். ஆனால் அவன் கையில் சரக்கைக் கொடுத்து விற்க விட்ட பெரியவர் யார் என்பதுதான் கேள்வி. போதைப் பொருளை விற்கவோ கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு. அதற்கும் ஏழு ஆண்டு, ஒரு லட்சம். போதைப் பொருள் சட்டத்தில் 32பி என்று ஒன்று இருக்கிறது. குற்றம் கல்வி நிலையத்திலோ அதன் அருகிலோ நடந்தாலும், சிறாரைப் பயன்படுத்தியிருந்தாலும், குறைந்தபட்சத் தண்டனைக்கு மேல் கொடுப்பதற்கு நீதிபதி அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே சரக்கு என்ன என்று தெரிந்த பிறகுதான் பொருந்தும்.

துவாரகா மாமா:

எல்லாரும் பள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள், பையனைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். என் அண்ணன் மகனோடு இந்தப் பாதையில் நடந்தவன் நான்.

சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தப் பள்ளிக்கு எந்தச் சட்டத்திலும் அதிகாரம் இல்லை. அதுவும் எந்தப் பரிசோதனை என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. லேபில் போதைப் பொருள் பேனல் என்று வழக்கமாகச் செய்வதில் நிகோட்டின் வராது. அதற்குக் கோட்டினின் என்று தனியாகக் கேட்க வேண்டும். கஞ்சா வழக்கமாக இழுப்பவனுக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் சிறுநீரில் காட்டும். டாக்டர் கேட்டால் செய்யுங்கள், முடிவை டாக்டரிடம் மட்டும் கொடுங்கள். 2017 மனநலச் சட்டத்தின்படி சிகிச்சை விவரம் ரகசியம். பள்ளிக்கு "ஆலோசனைக்கு வந்துகொண்டிருக்கிறான்" என்று ஒரு வரிச் சான்றிதழ் போதும்.

மயூர் விஹாரில் இருந்து தில்ஷாத் கார்டன் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை பக்கம்தான். எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் காசியாபாத்தில் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14446க்குப் போன் செய்யுங்கள், மத்திய அரசின் இலவச எண், பெயர் சொல்லத் தேவையில்லை. ஓபிடியில் காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள், பையனுக்குச் சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

தினமும் இழுத்துக்கொண்டிருந்தான் என்றால் நிறுத்திய முதல் சில நாள் எரிந்து விழுவான், தூக்கம் வராது, படிப்பில் மனம் நிற்காது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அப்பா கையை ஓங்கினால் எல்லாம் கெட்டது. எங்கள் வீட்டில் அதைத்தான் அண்ணி நின்று தடுத்தாள்.

மயூர் விஹார் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா சொன்ன மூன்று கேள்வியையும் அப்படியே எழுதி, 37ஆம் விதியையும் குறிப்பிட்டு, நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கணவரும் வந்தார். பிரின்சிபால் படித்துவிட்டு, "நாங்கள் டிசி என்று சொல்லவே இல்லையே, ஆலோசனைதான் சொன்னோம்" என்றார். சிறுநீர்ப் பரிசோதனை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எழுதி வாங்கிய கடிதத்துக்கு நகல் தர மறுத்தார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த பிறகு தந்தார்கள். ஆலோசகர் திங்கள்கிழமை பார்ப்பாராம். அவர் யார் என்று கேட்டேன், ஆங்கிலப் பாடம் எடுக்கும் மேடம் கூடுதலாக அதையும் பார்க்கிறார்களாம்.

மற்ற இரண்டு பேரில் ஒருவன் வீட்டில் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டாவது பையனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ப்ரீ-போர்டில் 95 சதவீதம், பள்ளிக்கு போஸ்டர் அடிக்க வேண்டுமே. கடை நேற்றும் திறந்திருந்தது.

இஹ்பாஸுக்கு வெள்ளிக்கிழமை போகிறோம். கடை பற்றி நானே போலீஸ் ஸ்டேஷனிலும் துணைக் கல்வி இயக்குநர் அலுவலகத்திலும் கொடுக்கப் போகிறேன். இந்தியில்தான் எழுத வேண்டுமா? எனக்குப் பேச வரும், எழுதத் தடுமாறும்.

கர்கர்டூமா வக்கீல்:

ஆங்கிலத்திலேயே எழுதலாம், எந்தச் சிக்கலும் இல்லை. பையன் பெயரை எழுதாதீர்கள், "பள்ளி மாணவர்களுக்கு விற்கிறார்" என்றால் போதும். கடையும் பள்ளிச் சுவரும் ஒரே படத்தில் வருகிற மாதிரி போட்டோ எடுத்து இணையுங்கள். இரண்டு இடத்திலும் ரெண்டாவது பிரதியில் சீலும் டைரி நம்பரும் வாங்காமல் திரும்பி வராதீர்கள். "நாளைக்கு வாங்க" என்பார்கள், அங்கேயே நில்லுங்கள்.